வீக்கத்தில் இருப்பது நீர் மட்டும் இல்லை

சின்னாளப்பட்டியில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிற ஒருவருக்கு இடது கால் மட்டும் கணுக்காலிலிருந்து தடித்துக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தெருவில் ஓர் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. நோய் போய்விட்டது. ஆனால் இப்போது வலது கை கனக்கிறது, ரவிக்கைக் கை இறுக்குகிறது, வளையல் ஏறவில்லை. தெருவின் கணக்கில் இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். அவருக்கு யானைக்கால், இவருக்கு ஆபரேஷனால் வந்த கோளாறு. உடம்பின் கணக்கில் இரண்டு பேரிடமும் பழுதாகியிருப்பது ஒரே அமைப்பு. அதன் பெயர் நிணநீர் மண்டலம். அது பழுதாகி வருகிற வீக்கத்தை நிணநீர் வீக்கம் என்கிறோம். மருத்துவர்கள் லிம்ஃபெடிமா என்பார்கள். இது எப்படி வருகிறது, வந்தபின் என்ன செய்யலாம் என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நல்ல உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொள்வோம். இதயம் தள்ளிவிடுகிற ரத்தம், கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய குழாய்களுக்குள் போகிறது. அந்தக் குழாய்களின் சுவர் வழியே கொஞ்சம் நீர் எப்போதும் வெளியே கசிகிறது. இது கோளாறு இல்லை, ஏற்பாடு. அந்த நீர்தான் தசைக்கும் தோலுக்கும் சத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஒரு நாளில் கசிவது பல லிட்டர். கசிந்தது அத்தனையும் அங்கேயே தங்கினால் நாம் ஒரே நாளில் ஊதிப்போய்விடுவோம். அதனால் அதைத் திரும்பச் சேகரித்து ரத்தத்தில் விடுவதற்குத் தனியாக ஒரு வலை உடம்பு முழுக்க ஓடுகிறது. அந்த வலையின் குழாய்கள்தான் நிணநீர் நாளங்கள். அவற்றுக்குள் போய்விட்ட நீர்தான் நிணநீர்.

இந்த நாளங்களைத் தள்ளிவிட இதயம் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாளங்களின் சுவரில் உள்ள மெல்லிய தசை நிமிடத்துக்குச் சில முறை தானாகச் சுருங்குகிறது. உள்ளே இருக்கும் சிறு சிறு தடுப்பிதழ்கள், மேலே போன நீர் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன. மற்ற உதவியெல்லாம் நம் அசைவிலிருந்து வருகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி நாளத்தை அழுத்துகிறது. ஆழமாக மூச்சு விடும்போது மார்புக்குள் அழுத்தம் மாறி நீரை மேலே இழுக்கிறது. இப்படிக் கால் விரலிலிருந்து புறப்பட்ட நிணநீர் இடுப்பு, வயிறு, மார்பு எல்லாம் கடந்து, இடது கழுத்தின் அடியில் ஒரு பெரிய ரத்தக்குழாயில் போய்ச் சேர்கிறது.

வழியில் அங்கங்கே சோதனைச் சாவடிகள் உண்டு. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோம் அல்லவா, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. உடம்பில் சுமார் 600 முடிச்சுகள் இருக்கின்றன. தொடை இடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் அவை கூட்டமாக இருக்கும். நிணநீரோடு வருகிற கிருமிகளை அங்கே பிடித்து அழிக்கின்றன, அந்த வேலைக்கான வெள்ளணுக்கள். ஆக, நிணநீர் மண்டலம் செய்கிற வேலை இரண்டு: கசிந்த நீரை வடிப்பது, தோல் வழியாக நுழையும் கிருமியைத் தடுப்பது. இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடாதீர்கள். பின்னால் அது நமக்கு முக்கியமாகப் போகிறது.

இனி, இது எங்கே உடைகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்த பெரிய காரணம் ஃபைலேரியா புழு. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கமும், கடலூர், செங்கல்பட்டு, வேலூர்ப் பக்கமும் இந்தப் புழுவால் வரும் யானைக்கால் நோய்க்குப் பெயர்போனவை. சாக்கடை நீரில் பெருகுகிற கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது இந்தப் புழுவின் குஞ்சுகள் உடம்புக்குள் போகின்றன. வளர்ந்த புழு நூல் கனத்தில் இருக்கும். நிணநீர் நாளத்துக்குள்ளேயே குடியேறி ஆறிலிருந்து எட்டு வருடம் உயிர் வாழும். அது இருக்கிற இடத்தில் நாளம் தொளதொளத்து விரிந்துபோகிறது, தடுப்பிதழ்கள் மூடாமல் போகின்றன. கொசுவுக்கும் இந்தப் புழுவுக்கும் உள்ள உறவை 1877-இல் சீனாவின் ஷியாமென் துறைமுகத்தில் கண்டுசொன்னவர் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் நிறையச் சுற்றும். சுகாதார ஊழியர்கள் ராத்திரி நேரத்தில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப்போனதன் காரணம் அதுதான்.

இன்னொரு காரணம் புற்றுநோய் சிகிச்சை. மார்பகப் புற்றுநோய் முதலில் பரவும் வழி அக்குள் முடிச்சுகள். அதனால் அவற்றை அறுத்து எடுக்கிறார்கள், சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுக்கிறார்கள். உயிரைக் காக்கிற வேலை அது. ஆனால் கையின் நிணநீர் போக வேண்டிய வழி அதே அக்குள்தான். அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. முதல் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் நோய் இல்லையென்றால் மற்றதை விட்டுவிடும் முறை இப்போது இருக்கிறது; அப்படிச் செய்தவர்களில் சுமார் இருபதில் ஒருவருக்குத்தான் வருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கால் வீங்கலாம். சில மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம்.

பிறவியிலேயே நாளங்கள் குறைவாக அமைந்தவர்கள் உண்டு. திரும்பத் திரும்பக் காலில் புண் வந்து பழுத்தவர்கள், அதிக உடல் எடை உள்ளவர்கள், நரம்புச் சுருட்டலை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டவர்கள் ஆகியோருக்கும் வரும். எத்தியோப்பியாவின் மலைப்பகுதிகளில் எரிமலை மண்ணில் வெறுங்காலோடு வருடக்கணக்கில் உழைப்பவர்களுக்கு, புழுவே இல்லாமல் மண்ணின் நுண்துகளாலேயே கால் இப்படி ஆகிறது. ஆகவே தடித்த கால் எல்லாம் புழுவால் வந்தது இல்லை. வடிகால் எந்தக் காரணத்தால் உடைந்தாலும் வீக்கம் ஒன்றுதான்.

இப்போது எல்லோருக்கும் இருக்கிற ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். வீங்கிய காலைப் பார்த்ததும் நம் வாயில் வருவது, “கெட்ட நீர் இறங்கியிருக்கு.” அந்த எண்ணத்திலிருந்து வைத்தியமும் கிளம்பிவிடுகிறது. தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறோம். பார்லிக் கஞ்சியும் நீர்முள்ளிக் கஷாயமும் குடிக்கிறோம். மருந்துக்கடையில் நீர் பிரிகிற மாத்திரை வாங்கிப் போடுகிறோம். சிறுநீர் நிறையப் போகிறது, இரண்டு நாள் கால் இளகின மாதிரியும் தெரிகிறது. பிறகு பழையபடி வீங்குகிறது. மாத்திரையை இரட்டிப்பாக்குகிறோம். இப்படி வருடங்கள் போன பிறகு பார்த்தால், கால் முன்பைவிடக் கெட்டியாக இருக்கிறது.

ஏன் அப்படி ஆகிறது? தங்கியிருப்பது வெறும் தண்ணீர் இல்லை, அதில் புரதம் கரைந்திருக்கிறது என்பதால்தான். ரத்தக்குழாயிலிருந்து நீரோடு சேர்ந்து கொஞ்சம் புரதமும் கசிகிறது. நீர் சிறு துகள், புரதம் பெரிய துகள். பெரிய துகள் ரத்தக்குழாய்க்குள் நேரடியாகத் திரும்ப முடியாது. நிணநீர் நாளம் ஒன்றுதான் அதற்கு வழி. அந்த வழி அடைபட்டால் புரதம் தோலுக்கு அடியிலேயே சேர்ந்துகொண்டு போகும்.

சின்னாளப்பட்டிக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு பாவு போதும். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு இழுத்துக் கட்டி ஆற விடுகிறோம். காற்றும் வெயிலும் பட்டு நீர் போய்விடுகிறது. கஞ்சி போகிறதா? போவதில்லை. நூலில் ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குகிறது. மறுபடி ஈரம் பட்டால் அந்தக் கஞ்சி நீரை இழுத்து ஊறுகிறது. கஞ்சியை எடுக்க வேண்டுமென்றால் காயவைத்துப் பயனில்லை, அலசித்தான் ஆக வேண்டும். வீங்கிய காலில் புரதம்தான் அந்தக் கஞ்சி. நீர் மாத்திரை அதைக் காயவைக்கிறதே தவிர அலசுவதில்லை. மிஞ்சிய புரதம் மறுபடி நீரை இழுக்கிறது, வீக்கம் திரும்புகிறது. கூடவே தோலுக்கு அடியில் நாரும் கொழுப்பும் வளர்ந்து கால் விறைக்கிறது. நிணநீர் வீக்கத்துக்கென்று நீர் மாத்திரையை நீண்ட நாள் கொடுக்க வேண்டாம் என்று இந்தத் துறையின் சர்வதேச மருத்துவ சங்கமே சொல்லியிருக்கிறது. இதயம், சிறுநீரகம், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காக அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தக் கூடாது; அது வேறு கணக்கு.

ஊசியால் குத்தி நீரை எடுப்பதும், கீறி விடுவதும் இதே எண்ணத்தின் பிள்ளைகள்தான். எடுத்தாலும் வடிகால் திறப்பதில்லை; கிருமி நுழைய ஒரு வாசல்தான் கூடுதலாகத் திறக்கிறது. சுடு ஒத்தடம் கொடுத்தால் ரத்த ஓட்டம் கூடி, கசிவும் கூடும். பழைய சேலையைக் கிழித்துக் கணுக்காலில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் அதற்குக் கீழே இன்னும் வீங்கும்.

அப்படியானால் நாம் அலசுவது எப்படி? அதற்கு முன் ஒரு விஷயம். வீக்கம் எல்லாம் நிணநீர் வீக்கம் இல்லை. இரண்டு காலும் ஒன்றுபோல வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தால், அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டியதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிணநீர் வீக்கம் பெரும்பாலும் மெதுவாக, ஒரு பக்கமாக வரும். ஆரம்பத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். இரவு காலை உயர்த்திப் படுத்தால் காலையில் குறைந்திருக்கும். பிறகு குழி விழுவதும் குறையும், காலையிலும் வீக்கம் நிற்கும். கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பாகத்தில், மேல்புறத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க வரவில்லை என்றால் நிணநீர் வீக்கம் என்று ஏறக்குறைய உறுதி. தூக்க வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பராமரிப்பில் முதல் இடம் தோலுக்கு. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இரண்டாவது வேலை இங்கேதான் வருகிறது. யானைக்கால் உள்ளவர்களுக்கு அவ்வப்போது குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், நெறி கட்டும், கால் சிவந்து கொதிக்கும். ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் கால் ஒரு சுற்றுப் பெருத்துவிடும். இது புழு செய்கிற வேலை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் ஜெருசா டிரையர் என்ற மருத்துவர் தம் நோயாளிகளின் விரலிடுக்குகளைக் கவனித்துப் பார்த்தார். பெரும்பாலான காய்ச்சல், நமக்கு நன்றாகத் தெரிந்த சேற்றுப்புண் வழியாக நுழைந்த சாதாரணக் கிருமியால் வருவதை அவரும் அவருடைய குழுவும் காட்டினார்கள். தடுக்கிற சாவடி பழுதாகியிருப்பதால், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இவர்களைப் படுக்கவைத்துவிடுகிறது. இதைத் தடுக்கிற மருந்து சோப்பும் தண்ணீரும் என்பதுதான் இதில் உள்ள பெரிய நல்ல செய்தி.

செய்முறை எளியது. தினமும் ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை, சாதாரணத் தண்ணீரிலும் குளியல் சோப்பிலும் காலைக் கழுவ வேண்டும். தேய்க்கும் கல், பிரஷ் எதுவும் வேண்டாம். தோல் மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் விரலால் மெதுவாகக் கழுவி, சோப்பு போக அலச வேண்டும். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, ஒவ்வொரு விரலிடுக்கும் முழுவதும் உலரும்படி பார்க்க வேண்டும். சேற்றுப்புண் இருந்தால் மருத்துவர் தரும் பூஞ்சைக்கான களிம்பைத் தடவ வேண்டும். மற்ற இடத்தில் தோல் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெயோ ஈரப்பதக் களிம்போ போதும். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். நகத்தை ஓட்ட வெட்ட வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு நல்லது. கையில் வீக்கம் உள்ளவர்கள் பாத்திரம் தேய்க்கும்போதும் சாயத்தில் கை வைக்கும்போதும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனை செய்தும் காய்ச்சல் வந்துவிட்டால், காலை உயர்த்தி வைத்துப் படுத்துக்கொண்டு ஈரத்துணி போட்டுக் குளிரவையுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். இதற்கு ஆன்ட்டிபயாடிக் வேண்டும். அந்த நாட்களில் கட்டுப் போடுவதும் பிடித்துவிடுவதும் உடற்பயிற்சியும் கூடாது. சிவப்பும் வலியும் அடங்கிய பிறகு மறுபடி தொடங்கலாம்.

இரண்டாவது, அசைவு. வீங்கிய கை காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். தசை இறுகித் தளர்வதுதான் நிணநீரைத் தள்ளுகிறது என்று இப்போது நமக்குத் தெரியும். தறியில் மிதியை மிதிக்கிற கால் அசைந்துகொண்டிருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் நாள் முழுக்கக் குழிக்குள் தொங்குவது நல்லதில்லை. அதனால் மணிக்கு ஒரு முறை எழுந்து நாலடி நடந்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டி, நாலு ஆழ்ந்த மூச்சு விட்டு மறுபடி உட்காரலாம். இரவில் படுக்கையின் கால்மாட்டை உயர்த்திக்கொள்ளலாம். கை விஷயத்திலும் பழைய பயம் ஒன்று உண்டு. வாழ்நாள் முழுக்க ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்றுதான் மார்பக அறுவை செய்தவர்களிடம் சொல்லிவந்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். கண்காணிப்போடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாகும் தொந்தரவுகள் குறைந்தன. ஒரே நாளில் அரிசி மூட்டையைத் தூக்க வேண்டாம், மெதுவாக ஏறலாம்.

மூன்றாவது, அழுத்தக் கட்டு. நாம் பேசிவந்த அலசலில் பெரும்பங்கு இதனுடையது. விளையாட்டுக் காயத்துக்குக் கட்டுகிற, நன்றாக இழுபடும் கிரேப் துணி இதற்கு அவ்வளவு ஏற்றதில்லை. கொஞ்சமே நீளும் கட்டுத்துணி வேண்டும். நடக்கும்போது தசை புடைக்கிறது, துணி விட்டுக்கொடுப்பதில்லை. இடையில் அகப்பட்ட நாளம் அழுந்தி நீர் மேலே போகிறது. விரலடியில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் கட்ட வேண்டும். வீக்கம் இறங்கிய பிறகு அளவெடுத்த காலுறை, கையுறைக்கு மாறலாம். முதல் முறை பயிற்சி பெற்றவரிடம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் இதயம் பலவீனமானவர்களும் மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் கட்டவே கூடாது.

கட்டோடு சேர்த்து, கையால் நிணநீரை வழிநடத்தும் முறையும் உண்டு. 1930-களில் எமில் வோடர் என்ற டென்மார்க்காரர் வகுத்தது. நாம் அறிந்த பிடித்துவிடுதல் இல்லை இது. நிணநீர் நாளங்களில் நிறைய தோலுக்கு அடியிலேயே ஓடுவதால், தோல் நகரும் அளவுக்கு லேசாகத் தொட்டாலே போதும். எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிசைந்தால் கெடுதல். கேரளத்தில் காசர்கோட்டில் மருத்துவர் நரஹரி நடத்தும் தோல்நோய் நிறுவனம், தோல் சுத்தம், அழுத்தக் கட்டு, மூச்சுப் பயிற்சியோடு யோகம், ஆயுர்வேதம் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து முற்றிய யானைக்கால்களையும் இறக்கிக் காட்டியிருக்கிறது. அறுவை சிகிச்சையும் இருக்கிறது. நிணநீர் நாளத்தை ரத்தக்குழாயோடு இணைத்துத் தைப்பார்கள். செய்துகொண்ட பிறகும் தினசரிப் பராமரிப்பு தொடரும்.

மாதம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தையல் டேப்பால் இரண்டு காலையும் அளந்து எழுதி வையுங்கள். கண் ஏமாற்றும், டேப் ஏமாற்றாது. மார்பக அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் அறுவைக்கு முன்பே இரண்டு கையையும் அளந்து வைத்துக்கொண்டால், பின்னால் ஆரம்ப வீக்கத்தை உடனே கண்டுபிடிக்கலாம். ஆரம்பத்தில் பிடித்தால் முழுவதும் இறக்கிவிட முடிகிறது.

உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்வோம். அரசு யானைக்கால் நோயாளிகளுக்கு டப், மக், சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பராமரிப்புப் பெட்டி தருகிறது. நான்காம் நிலைக்கு முற்றியவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கொடுத்துவருகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். கட்டுவதையும் பயிற்சியையும் அவரிடம் கேட்கலாம். யானைக்கால் நோயைத் தடுக்க ஊர் ஊராகக் கொடுத்த டிஇசி மாத்திரையின் வேலை ரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளைக் கொன்று, நோய் அடுத்தவருக்குப் போகாமல் நிறுத்துவது. ஏற்கெனவே தடித்த காலை அது மெலியவைக்காது. அதற்காக அந்த மாத்திரையைக் குறை சொல்லவும் வேண்டாம். அந்த வழியில் போன இலங்கை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் யானைக்கால் நோயை ஒழித்துவிட்டதாக 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

கடைசியாக வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கால் ஒட்டுவாரொட்டி இல்லை. சாபமும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். குனிந்து விரலிடுக்கைத் துடைக்க முடியாத வயதில் இருக்கிறவருக்கு அதைத் துடைத்துவிட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். நீர் மாத்திரைக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு சோப்பும் ஒரு மெல்லிய துண்டும் வாங்குங்கள். நிணநீர் வீக்கம் முழுவதும் குணமாவது அரிது. ஆனால் தினமும் கால் மணி நேரம் கொடுத்தால் அது அடங்கியிருக்கும், காய்ச்சல் அடிக்கடி வராது, தறிக்கும் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வர முடியும். இன்றைக்கே தொடங்குங்கள்.